காசியம்மாள் பேசவில்லை

காசியம்மாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தர்மபுரி தனி ஜில்லாவான மறுவருஷம் அது. காரிமங்கலம் புளி மண்டியில் கொட்டை தட்டும் பத்துப் பெண்களில், மற்ற ஒன்பது வாய்க்கும் சேர்த்துப் பேசுவது அவள் வாய்தான்.

இவளும் வேலையை விட்டு நிற்கப் போகிறாள் என்றே மேஸ்திரி அன்வர் பாஷா முடிவு கட்டிவிட்டார். அவர் போடும் கத்தல் தாங்காமல் போன மாதம் மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். "பாஷா, மனுஷங்க மனசையும் கொஞ்சம் பாருங்க. இன்னும் ஒருத்தி நின்னா, அவ பின்னாடியே நீங்களும் போயிருங்க" என்று முதலாளி அப்துல் கனி சொல்லியிருந்தார்.

நேற்று பாஷா கத்தக்கூட இல்லையே! தொண்டை கட்டிப்போய், நாள் முழுக்கச் சைகையிலேயேதான் வேலை வாங்கினார். எந்தச் சைகை அவள் மனதைச் சுட்டதோ? பாவம் மனிதர், ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்.

சுக்குக் கஷாயத்தில் திரும்பியிருந்த குரலைக் குழைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"காசியம்மா, நேத்து நான் கையை இப்படி ஆட்டுனது உன்னை இல்லம்மா. ஈயை."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

போச்சு, விடைபெறுகிறாள்!

"உள்ள புழுங்குதா? வா, வாசல்ல காத்தாட உக்காரு."

வாசலோரம் ஆறு வருஷமாகப் பாஞ்சாலியின் இடம். அவள் சுத்தியலைக் கீழே போட்டாள்.

"அப்ப நான் எங்கிங்க பாய் உக்கார்றது? உங்க தலைமேலயா? நான் வூட்டுக்குப் போறேன்."

போகிறவர்கள் இப்போது இரண்டு பேர் ஆனார்கள்.

"யாரும் போவேணாம்! உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. இன்னைக்கு நானே தட்டுறேன்."

அன்வர் பாஷா சம்மணமிட்டு உட்கார்ந்து, பாஞ்சாலியின் சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டார். புளி நகர்ந்துவிட்டது. கட்டைவிரல் நகரவில்லை.

வந்த கத்தலை விழுங்கிய விழுங்கலில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஐயையோ, பாய் அழுவுறாரு!"

பத்துப் பேரும் எழுந்து சுற்றி நின்றார்கள். சுத்தமாக வேலை நின்றது. வெளியே சரக்கேற்ற வந்த சேலத்து லாரி ஹாரன் மேல் ஹாரன் அடித்தது.

"காசியம்மா, போறதுன்னா என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போம்மா!"

அவள் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

அவளுடைய பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள்தான் மண்டிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அவ எங்கிங்க போறா? மேஸ்திரி ஒரு நாளாச்சும் கத்தாம இருந்தா, மறுநாள் பூரா வாய் தொறக்க மாட்டேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டியிருந்தா. அது நேத்துத்தான் பலிச்சுதாம்!"