ஈரக் கரடியும் பாரிஸ் சீமாட்டியும்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா கிளாஃபிராவுக்கு,

தம்பி வெனெடிக்ட் வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலியும் அத்தானின் வயிற்றுக்கோளாறும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலத்தை மட்டும் கேட்காதே.

எங்கள் அருங்காட்சியகத்தை மூடப்போகிறார்கள், அக்கா. பனி உருகியதும், அது இருக்கும் த்யாப்ளோவ் பிரபுவின் பழைய மாளிகைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பாடம் பண்ணிய கரடி ஈரத்தில் ஊதி நிறைமாதக் கர்ப்பிணிபோல நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், ஊர் வரலாற்றை யார் பார்க்கிறார்கள்? மாவட்டத் தலைவர் எர்மீலொவ் வந்தார். "ஈ காக்கா எட்டிப் பாக்காத எடத்துக்கு எதுக்குய்யா கணப்புக்கு விறகு? ஓய்வு விடுதி ஆக்கிட்டா நாலு பேர் வருவான், நீராவிக் குளியல் போடுவான்" என்றார். நான் கடைசி நம்பிக்கையாக, பாரிஸிலிருக்கும் பிரபுவின் பேத்திக்கு எழுதிப்போட்டேன்; பிரபு புரட்சியின்போது அங்கே ஓடிப்போனவர். வீட்டுக்கு உரியவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எர்மீலொவ் மீறமாட்டார் அல்லவா?

கிழவி வந்தேவிட்டாள், அக்கா! டிக்கெட் கொடுக்கும் நஸ்தாசியா முட்டைக்கோஸ் அப்பம் சுட்டிருந்தாள். சட்டைக் காலருக்குள் கூரைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் வரவேற்புரை வாசித்தேன். அவளோ பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டிப் போய், "எங்க தாத்தா நாற்காலி!" என்று கண்கலங்கி உட்கார்ந்தாள். அது தபால் நிலையத்திலிருந்து வாங்கிப்போட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"சொல்லுங்கம்மா, இந்த வீட்டை என்ன பண்ணலாம்?" என்றார் எர்மீலொவ்.

"இடிச்சிடுங்க" என்றாள். "தாத்தா சாகற வரைக்கும் இதைத் திட்டிக்கிட்டேதான் இருந்தார். இந்தக் குளிர்ல அவரோட ரெண்டு தங்கச்சியும் நெஞ்சுச்சளி கட்டியே போயிட்டாங்களாம். உங்களுக்கும் இருமுதே தம்பி, நீங்களாவது தப்பிச்சுப் போங்க" என்றாள் என்னிடம்.

"சரி, அப்பமாவது சாப்பிடுங்க, ஆறுது" என்றாள் நஸ்தாசியா.

முப்பது வருடம் அந்தக் குடும்பத்துக்காகக் காவல் காத்தேன், அக்கா. அவர்கள் இந்த வீட்டிலிருந்து பிழைத்துப் போனதாக நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். அடுப்படிப் பக்கம் ஒரு மூலை போதும், சூப்பில் உப்புக் கம்மி என்றுகூடச் சொல்லமாட்டேன்.

கடவுள் உங்கள் இருவரையும் ஒழுகாத கூரையின் கீழ் வைத்திருக்கட்டும்.

உன் தம்பி,
வெனெடிக்ட்

பி.கு.: ரயிலடிக்கு வர வேண்டாம். நேற்று விடுதிக்கு அளவெடுக்க வந்த எர்மீலொவ், நடனக்கூடத்துத் தரை உடைந்து இடுப்பு வரை உள்ளே இறங்கிவிட்டார். நானும் நஸ்தாசியாவும் பிடித்து இழுத்தோம். ஆள் வந்தார், ஒரு பூட்ஸ் வரவில்லை. "இந்தச் சனியனை நீயே கட்டிக்கிட்டு அழு!" என்று என் ராஜினாமாவைக் கிழித்துப்போட்டு, ஒற்றைக் காலில் நொண்டியபடி போனார். யாருக்கும் வேண்டாத வீடு எனக்கே வந்து சேர்ந்தது. கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு. இன்று ஊரில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்க்க வந்தார்கள். "தலைவர் மறுபடி எப்ப விழுவாரு?" என்று கேட்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல?