சீசர் தொடாத பதினேழு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை 9.42. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை வாரிக் குசினிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் என் கட்டிலில் இருந்தபடி, ஒரு துண்டு வயற்களிமண்ணைச் சொக்லேட் சுற்றிய தங்கத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் அந்தத் தாளுக்கு உரிய சொக்லேட் கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது வயது எழுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் குளத்து நீர்மட்டம் பார்த்துப் பதிந்த உத்தியோகத்தன். ஒருநாளும் ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. (இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இனி வருவதைப் படித்தபின் வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.)

என் மனைவி பரமேஸ்வரியின் தம்பி சுவிஸில் இருக்கிறான். ஆடி மாதத் தொடக்கத்தில் விசுவமடுவுக்கு வந்து ஒன்பது நாள் எங்களோடு நின்றான். போகும்போது ஒரு பெட்டி சொக்லேட் வைத்துவிட்டுப் போனான். முப்பத்தாறு உருண்டைகள், ஒவ்வொன்றும் எட்டுக் கிராம், கறுப்பென்று சொல்லத்தக்க மண்ணிறம். எட்டு உருண்டைகள் வந்தவர் போனவருக்குப் போயின. மிச்சத்துக்கு மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எங்கட ஒழுங்கை முன்பள்ளியில இருபத்தெட்டுப் பிள்ளையள். பெட்டியிலயும் இருபத்தெட்டு. விளையாட்டுப் போட்டியண்டைக்கு ஆளுக்கு ஒண்டு. நீங்கள் அந்தப் பக்கமே போகப்படாது."

எனக்குச் சலரோகம், சீனி வருத்தம். அப்போது பதினாலு வருடப் பழக்கம்.

மூன்றாம் நாள் ஒன்றைத் தின்றேன். ருசி தொண்டைக்குள் இறங்கும்போதே மனம் பதைத்தது. பயந்தது சீனிக்கு அல்ல; பெட்டியில் இருபத்தேழுதான் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு. எனக்கு எண்ணிக்கை குறைந்தால் நித்திரை வராது. ஆகவே வயல் வரம்பிலிருந்து ஒரு பிடி களி கொண்டுவந்து, உருட்டி, காயவைத்து, மனைவியின் குசினித் தராசில் எட்டுக் கிராம் பார்த்து, அதே தாளில் சுற்றி, பெட்டியில் அதே குழிக்குள் வைத்தேன். இருபத்தெட்டு! அன்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அதன்பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் ஓர் உருண்டை. மனைவி நாள்தோறும் பிறிஜைத் திறந்து பெட்டியைப் பார்ப்பாள். எல்லாக் குழியும் நிரம்பியிருக்கும். "இந்த முறை மனுசன் திருந்திட்டார்" என்று தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னதை நானே கேட்டேன். போட்டியன்று சின்னப்பிள்ளைகள் களியைக் கடிக்கப்போகிறார்களே என்று நான் யோசிக்கவில்லையா? யோசித்தேன். அதற்கு முன் கிளிநொச்சிக்குப் போய் அதே நிறத்தில் ஏதாவது வாங்கி மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு கிழமையும் தீர்மானித்தேன். மொத்தம் ஐந்து தீர்மானங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சுற்றியது பதினேழாவது களி. அதைக் குழிக்குள் வைத்ததும் கிணற்றடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ! மோட்டர் இரையுது, தண்ணி வரேல்ல. ஒருக்கா வாங்கோ!"

பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினேன். வேலை ஆறு நிமிடத்தில் முடிந்தது. 9.48க்குத் திரும்பி வந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சீசர் இருந்தது. சீசர் எங்கள் நாய். மண்ணிறம், இடது காது மடிந்தது, வயது நாலு. தன் வாயை நக்கிக்கொண்டு, என்னைக் கண்டதும் வாலை இரண்டு தரம் ஆட்டியது. பெட்டி கவிழவில்லை, கிழியவில்லை. பதினொரு குழிகள் வெறுமையாக இருந்தன, தாள்கூட மிச்சமில்லை. மற்றப் பதினேழு உருண்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஈரப் பொட்டு, மூக்குப் பட்ட அடையாளம்.

ஒன்றை எடுத்து அமத்திப் பார்த்தேன். களி. அடுத்தது, களி. பதினேழையும் பார்த்தேன். பதினேழும் களி!

அந்த அறை நடுவில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதுதான் என் வாழ்க்கையில் நான் அளக்காத ஒரே நேரம். நிறம் ஒன்று, நிறை ஒன்று, தாள் ஒன்று. செய்த எனக்கே அமத்திப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது. இருபத்தெட்டு உருண்டைகளுக்கு முன்னால் ஒரு நாய் வந்து நின்று, ஒவ்வொன்றாக மூக்கை வைத்து, இது உண்மை, இது பொய், இது பொய், இது உண்மை என்று பிரித்திருக்கிறது. ஒரு பிழைகூட இல்லை. நான் முப்பத்தொரு வருடம் அளவு பார்த்தவன், அதற்கு முன்னால் பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி நின்றேன்.

அப்போது மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. பதினேழு களியையும் அள்ளிச் சாரத்து மடிக்குள் கட்டிக்கொண்டேன்.

"ஐயோ, பிள்ளையளின்ர சொக்லேட்!" அவள் பெட்டியைத் தூக்கினாள். "முழுக்கத் திண்டிட்டுதோ?"

"ஓம்."

ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அன்றைய நாள் முழுவதும் செலவானது.

மனைவியின் முகம் மாறியது. "தம்பி சொன்னவன், நாய்க்குச் சொக்லேட் நஞ்சாம். கறுப்புச் சொக்லேட் எண்டால் கட்டாயம் செத்துப்போகுமாம்."

"சும்மா கதை. பிள்ளையள் தின்னுற சாமான்."

அவள் என்னோடு வாதாடவில்லை. எங்கள் பசுவுக்கு ஊசி போடுகிற மிருக வைத்தியரின் இலக்கம் அவளிடம் இருந்தது. அழைத்தாள். மறுபக்கத்தில் சொன்னவற்றைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஓடினாள்: "உப்புத் தண்ணி பருக்கப்படாது... ஓம் டொக்டர். தேங்காய்ப்பாலும் வேண்டாம்... ஓம். பிந்தாமல் கொண்டாறம். பெட்டியும் கொண்டாறம்."

நான் காற்சட்டைக்கு மாறினேன். இடது பைக்குள் ஒன்பது, வலது பைக்குள் எட்டு.

கிளிநொச்சிக்கு ஓட்டோவில் போனோம். சீசர் என் மடியில் இருந்தது. அதன் விலாவில் கையை வைத்தேன். உள்ளே இதயம் அடித்த அடி! பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினேன். நூற்று அறுபத்துநாலு. பரந்தன் சந்தியில் நூற்று எழுபத்தாறு. அந்தச் சின்னக் கூட்டுக்குள் யாரோ விடாமல் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. இத்தனை வருடம் என் காலடியில் படுத்திருந்த ஒரு பிராணிக்குள் இப்படி ஒரு வேலை இரவு பகலாக நடக்கிறது என்று அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது. எனக்கு இனித்துக் கரைந்த அதே சாமான் இங்கே இதை நிறுத்தப் பார்க்கிறது. நான் பெட்டியை மூடிவிட்டுப் போயிருந்தால் இது இப்போது வேலியோரம் நித்திரை.

ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். "என்ன மாமா, நாய்க்குச் சலரோகம் வந்திடுமோ எண்டு பயப்படுறியளோ?"

இரண்டு பைகளும் தொடையில் குத்திக்கொண்டிருந்தன.

மிருக வைத்திய நிலையத்தில் எங்களுக்கு முன்னால் வயிறு ஊதிய ஓர் ஆட்டோடு ஒருவர் இருந்தார். எங்கள் அவசரத்தைக் கண்டு முறையை விட்டுத்தந்தார். கேள்வியை விடவில்லை.

"நாய்க்கு என்ன அண்ணை?"

"சொக்லேட் திண்டிட்டுது."

"எத்தினை?"

"இருபத்தெட்டு" என்றாள் மனைவி.

"இருபத்தெட்டோ! என்ர பிள்ளையள் ஒரு வருசத்தில அவ்வளவு கண்டதில்லை. சுவிஸ் நாயோ?"

வைத்தியர் ஓர் இளம் பெண். முப்பது இருக்காது. கையுறை போட்டபடியே கேட்டார்.

"எத்தினை மணிக்கு ஐயா?"

"9.42க்கும் 9.48க்கும் இடையில."

"நாயின்ர நிறை தெரியுமோ?"

"பதினாலு கிலோ இருநூறு கிராம். முதலாம் திகதி நெல்லு நிறுக்கிற தராசில நிறுத்தனான்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இஞ்ச ஆரும் இப்பிடிச் சரியாச் சொல்லுறேல்ல ஐயா. திண்டது இருபத்தெட்டு எண்டதும் சரிதானே?"

"இவர் எண்ணினவர் டொக்டர்," என்றாள் மனைவி பெருமையாக. "இவற்ற எண்ணிக்கை ஒருநாளும் பிழைக்காது."

நான் கூரையைப் பார்த்தேன். பதினாலு தகடுகள்.

ஊசி போட்டார்கள். சீமெந்து முற்றத்தில் சீசர் உடம்பை வளைத்து வளைத்துச் சத்தி எடுத்தது. வைத்தியர் குந்தியிருந்து, ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். அவசரத்தில் கடியாமல் தாளோடு விழுங்கியிருந்தது; சில தாள்கள் வெடித்து உள்ளே இருந்தது கரையத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்தப் பெண்ணில் ஒரு பெரிய மரியாதை வந்தது. அந்த மணத்துக்கு நடுவில், அந்த வெயிலில், என்னைவிடப் பொறுமையாக எண்ணும் ஒருவரை முதல்தடவை கண்டேன்.

"பதினொண்டு," என்றார். பிறகு பொறுத்தோம். வெறும் நுரைதான் வந்தது.

வைத்தியர் எழும்பி, சீசரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் இறுகியது. "பதினேழு உள்ளுக்க நிக்குது. கரைஞ்சால் இந்த உடம்பு தாங்காது. இன்னொரு ஊசி போடலாம். ஆனா இதயம் இப்பவே ஓடுது, ஊசியையும் தாங்குமோ சொல்லேலாது. என்ன செய்வம் அம்மா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கோவன். நீங்கள்தானே எல்லாம் கணக்குப் பாக்கிறனீங்கள்."

சீசரும் என்னைப் பார்த்தது. நாலு காலும் நடுங்க, வாயில் நுரையோடு, அந்த நேரத்திலும் வாலின் நுனியை மட்டும் ஒருதரம் ஆட்டியது. தாதி ஊசிக் குழலில் மருந்தை இழுக்கத் தொடங்கினார்.

நான் இடது பைக்குள் கையை விட்டேன்.

ஒன்று. மேசையில் வைத்தேன். இரண்டு. மூன்று. ஆட்டுக்காரர் எழும்பி வந்து பக்கத்தில் நின்று உரத்து எண்ணத் தொடங்கிவிட்டார். "நாலு... அஞ்சு... அண்ணை, என்ன மந்திரவாதியோ... ஒன்பது!" வலது பைக்கு மாறினேன். "பத்து... பதினேழு!"

வைத்தியர் ஒன்றைப் பிரித்தார். விரலால் நசித்தார். மணந்து பார்த்தார்.

"ஐயா, இது களிமண்."

"ஓம்."

"பதினேழுமோ?"

"பதினேழும். நாய் இதைத் தொடேல்ல. நான்தான் ஒளிச்சு வச்சனான்."

"அப்ப அந்தப் பதினேழு சொக்லேட்டும் எங்க?"

வாழ்க்கையில் சில விடைகளைச் சுருக்கமாகச் சொல்வது நல்லது. "நான் திண்டனான்."

தாதி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். முதலில் வைத்தியர் கேட்டது என்ன தெரியுமா? "ஐயாவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

"சலரோகம்," என்றாள் மனைவி. "பதினாலு வருசம்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் சொன்னேன், அந்தப் பதினேழும் பெட்டிக்குள் அப்படியே இருந்ததை, ஒவ்வொன்றின் தலையிலும் ஈரம் இருந்ததை. வைத்தியர் பதினேழு உருண்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்து அந்த மூக்குப் பொட்டுகளைத் தேடினார். என் பைக்குள் உரசி அழிந்துபோயிருந்தன. அவர் சிரிக்கவில்லை. சீசருக்கு முன்னால் மறுபடி குந்தி, அதன் மூக்கை ஒரு விரலால் தொட்டார். "தாள் சுத்தின இருபத்தெட்டுக்குள்ள பதினொண்டை மட்டும் பிரிச்செடுத்ததோ," என்று மெதுவாகச் சொன்னார்.

மனைவியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் அஞ்சு கிழமை, தினம் தினம் பாத்தனான்," என்றாள். "எனக்குத் தெரியேல்ல. இதுக்கு ஆறு நிமிசத்தில தெரிஞ்சிட்டுது."

"அப்ப அம்மா," என்றார் ஆட்டுக்காரர், "இனி எண்ணுற வேலையை நாயிட்டக் குடுத்திட்டு, ஐயாவைக் கட்டி வையுங்கோ."

பதினொன்றும் வெளியே வந்துவிட்டதால் இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை. கரி மருந்து கொடுத்தார்கள். ஆனால் பின்னேரம் வரை இதயத்தைப் பார்க்கவேண்டும் என்றார் வைத்தியர், நிலையத்தில் ஆள் காணாது என்றும் சொன்னார். பிறகு ஓர் அட்டையும் பேனையும் என்னிடம் நீட்டினார். "கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்ணி எழுதுங்கோ ஐயா. இதுக்கு நீங்கள்தான் சரி."

அவ்வளவு நடந்த பிறகும் அந்த அட்டையை என்னிடம் தந்தார். நான் சீமெந்தில் சீசருக்குப் பக்கத்தில் இருந்து, விலாவில் கை வைத்து எண்ணினேன். 172. 168. 159. ஆட்டின் வயிறு வடிந்து ஆட்டுக்காரர் போய்விட்டார். 144. மனைவி ஒரு கதிரையில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தாள். 131. ஒவ்வொரு எண்ணும் இறங்க இறங்க, குளத்தில் வெள்ளம் வற்றி அணை தப்பியதைப் பார்த்த இரவுகள்கூட எனக்கு இப்படி ஆறுதல் தந்ததில்லை. நாலு மணிக்கு, 112. சீசர் பெருமூச்சு விட்டு, தலையை என் முழங்காலில் வைத்து நித்திரையானது. மனைவி திரும்பி அட்டையை வாங்கி வாசித்தாள். பிறகு எனக்கு ஒரு போத்தல் தண்ணீர் நீட்டினாள். பேச்சு வெள்ளிக்கிழமைதான் வந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் மனைவி அதை முதலில் சீசரின் மூக்குக்கு நேரே பிடிக்கிறாள். "கணக்காளர் பாத்திட்டார், எல்லாம் சரியாம்" என்றபின்தான் பெட்டி பிறிஜுக்குள் போகும். சுவிஸிலிருந்து தம்பி அழைத்தால் என்னைச் சுகம் கேட்க முன் கேட்கிற கேள்வி: "அத்தான், இண்டைக்கு நீங்கள் களியோ, சொக்லேட்டோ?" என் சலரோகக் கிளினிக்கில் தாதிகூடச் சிரிக்கிறார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான்கு பேரைச் சந்தேகிக்கிறேன்.

அந்த வருட விளையாட்டுப் போட்டியன்று முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சொக்லேட்டை நான் கொடுக்கவேண்டும், மனைவி பக்கத்தில் நின்று எண்ணுவாள் என்று ஏற்பாடு. எனக்கு என்று ஒன்று கூட்டி வாங்க அவள் விடவில்லை. ஓட்டோவுக்கும், ஊசி மருந்துக்கும், கிளிநொச்சிக் கடையில் வாங்கிய அந்த இருபத்தெட்டுக்கும் சேர்த்து எனக்கு முடிந்தது ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா.