டிங்கு அண்ணன் வீட்டு கிறிஸ்துமஸ் படம்

விருத்தாசலத்தில் டிங்கு அண்ணன் தட்டிப் பார்க்காதவை இரண்டே இரண்டு. ஒன்று வானம், எட்டாது. இன்னொன்று அண்ணி, தைரியம் கிடையாது.

எங்கள் பீங்கான் பட்டறையில் அவர்தான் செக்கிங். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையையும் காதோரம் வைத்து நகத்தால் தட்டுவார். 'டிங்' என்றால் நல்ல பொம்மை. 'டொக்' என்றால் உள்ளே விரிசல், கழித்துவிடுவார். பழக்கம் முற்றி டீக்கடை கிளாஸ், தர்பூசணி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் டிபன் பாக்ஸ் என்று எதையும் விடமாட்டார். ஒருநாள் என் மண்டையையும் தட்டிவிட்டு, "இத இன்னும் ரெண்டு நாளு சூளையில வச்சிருக்கணும்டா" என்றார். எட்டாம் வகுப்போடு ஸ்கூலை விட்டவன் நான். என்னத்தை மறுக்க?

நான் பேக்கிங். பட்டறையில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்காக எங்களைப்போல் முதுகு ஒடிந்தவர்கள் ரோமாபுரியிலும் இருக்கமாட்டார்கள். இரண்டு மாதமாகக் குடில் செட்டுதான். குழந்தை ஏசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜா, மாடு, கழுதை. கடைசிப் பெட்டி கிளம்பும்போது கழுதைக்கும் எனக்கும் ஒரே முகம். அது நிற்கும், என்னால் அதுவும் முடியாது.

இருபத்தஞ்சாம் தேதி லீவு. வருஷா வருஷம் அண்ணன் வீட்டில்தான் எனக்கு டிவி. காலையில் ஏசு படம், மதியம் அண்ணி கைச் சோறு, அப்புறம் ஹீரோ படம். எந்தப் படத்தின் முடிவும் எனக்குத் தெரியாது, தூங்கிவிடுவேன். அண்ணனுக்குக் கதையே தெரியாது. ஹீரோயின் கதறி அழுவாள். இவர், "பின்னாடி இருக்குற ஜாடியப் பாருடா, மேல்பூச்சு கிளேஸு திட்டுத்திட்டா இருக்குது" என்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு மனசே சரியில்லை. சேத்தியாத்தோப்புக் கடைக்குப் போன ஒரு பெட்டி, உள்ளே எல்லாம் உடைந்து திரும்பி வந்திருந்தது. "பண்டிகை முடியட்டும். பேக்கிங்கா செக்கிங்கான்னு பாத்து, தப்பு யாருதோ அவன வூட்டுக்கு அனுப்பிடுறேன்" என்று ஓனர் சொல்லியிருந்தார். டிங்கு அண்ணன் காது தப்புப் பண்ணாது. அப்படியென்றால் மிச்சம் நான்.

கவலையிலும் தூங்குவது என் ஒரே திறமை. ஏசு படம் பாதியில், திடீரென்று எல்லாம் அடங்கிப்போய் விழித்தேன். ரிமோட் மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். டிவி சத்தம் மொத்தமாக நின்றிருந்தது. திரையில் யாரோ மேஜைமேல் கோப்பையை வைத்தார்.

"கேட்டியாடா? டிங்குன்னு இன்னா சத்தம்! சுத்தமான வேக்காடு!" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறந்தேன். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற அண்ணி, வேண்டாம் என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஆறு மாசமா அவரு காது இப்பிடித்தான் இருக்குது தம்பி. சத்தமாப் பேசுனா கேக்குது. சின்னச் சத்தம் போயிடுச்சு. பொண்ணு காலேஜு முடிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருக்காரு."

"அப்ப பட்டறையில தட்டுறது?"

"சும்மாதான் தட்டுறாரு. வந்து படுத்தா தூக்கமே கிடையாது."

மறுநாள் ஓனர் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். "யாருய்யா காரணம்?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "நான்தாங்க. வைக்கோலு கொறச்சலா வச்சிட்டேன். தூக்கக் கலக்கங்க."

ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒன்னயத் தொரத்திட்டு வேற எந்த மடையனத் தேடுறது? இனிமே பேக்கிங் பக்கமே போவாத. இவரு பக்கத்துல ஒக்காந்து பொருளுன்னா இன்னான்னு கத்துக்க!"

அண்ணன் தன் பலகையில் பாதியை எனக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். முதல் பொம்மையைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. நான் தலையசைத்தால் நல்ல பொம்மை, கண்ணை மூடினால் கழிவு. முதல் வாரம் நான் தூங்கி வழிந்ததில், ஒரு குற்றமும் செய்யாத ஒரு கூடைப் பொம்மை கழிவுக்குப் போனது.

பொண்ணு காலேஜ் முடித்துவிட்டது. இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று போன வாரம் அவர் வீட்டில் கத்திக் கேட்டேன். "எழுது. ஓனரு ராசிபலனத் தாண்டிப் படிக்க மாட்டாரு" என்றார்.

பேக்கிங்கைவிட இதுதான் களைப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டுக் கேட்டுச் சாயந்திரத்தில் காது கடுக்கிறது. ஆனாலும் அவர் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பும்போது, கொட்டாவி வந்தாலும் கண்ணை அகல விரித்துக்கொண்டு அப்படியே விழுங்கிவிடுகிறேன்.