டுமீல் அண்ணாவின் வேர்க்கடலைக் கொல்லை

தாம்பரத்துக்குத் தெற்கே சல்லடை போட்டுச் சலித்தாலும், துப்பாக்கிக்கு நல்லெண்ணெய் தேய்த்து இளவெயிலில் காயவைக்கிற மனிதர் இன்னொருவர் அகப்பட மாட்டார். மாடம்பாக்கம் ஏரியை ஒட்டிக் குடியிருந்த டுமீல் அண்ணா ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. ரேஷன் கடைக்காரரே அதைப் படித்துவிட்டு, "யாருய்யா இது? ஓ, டுமீலா?" என்று கேட்ட பிறகுதான் மண்ணெண்ணெய் ஊற்றுவார்.

கல்யாணமாகாத கிளார்க்குக்கு யாரும் வீடு தராத எண்பதுகளில், அவர் தன் மாடி அறையை எனக்குக் கொடுத்தார். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, உனுக்கு சத்தம்னா பயமா?"

"என்ன சத்தம்ணா?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு வரும். கேட்டுக்கினு சும்மா குந்தி இரு. எறங்கி வராத."

தாம்பரம் ஸ்டேஷனுக்கு சைக்கிளிலேயே போய்விடலாம் என்ற பேராசையில் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். பெட்டியை இறக்கி வைத்த அன்றைக்கே ஆறு மணி வந்தது. சுற்றிலும் மனைக்கல் நட்ட வெறும் பொட்டல், பாதி கட்டிய நாலு வீடு, தெருவிளக்கு இன்னும் வராத கம்பங்கள். கீழே இருந்து இரும்பு உரசும் சத்தம் கேட்டது. சடக். சர்ர்ர். சர்ர்ர். சடக். அதற்குப் பிறகு ஒரு பெண் குரல்.

"பூட்ச்சா?"

"அல்லாம் பூட்ச்சு. நீ படு."

அதோடு சரி. எது போனது என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு அவசரமாக பாத்ரூம் போகவேண்டியிருந்தது. பாத்ரூம் கீழே இருந்தது. விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் அவரே என்னைக் கூப்பிட்டு, பழைய நூல் புடவையைப் பிரித்து அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரரைக் காட்டினார். ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கிப் பூட்டவேண்டிய போல்ட் ரைபிள். சர்க்கார் தொழிற்சாலையில் செய்தது, லைசென்ஸ் உள்ளது, இருக்கிறதிலேயே மலிவானது. மாப்பிள்ளையின் ஜாதகத்தை விரிப்பதுபோல் அதன் நல்லது கெட்டதை விரித்தார்.

"மொதல்ல கெட்டத சொல்லிடறேன், அப்பால நீ ஒண்ணும் தப்பா நெனைக்கக் கூடாது. கட்டை மட்டம். மழையில ஊறிக்கினு வீங்கிக்கும். வீங்குச்சா, குழாயத் தள்ளும். நீ மாடம்பாக்கத்துல குறி வெச்சா குண்டு பக்கத்து ஊரு வேங்கைவாசல் போவுமாம். போல்ட்டு மொரட்டுப் புள்ள, வாங்கின புதுசுல ரெண்டு பேரு புடிச்சு இழுக்கணும். அப்பால நீளம். ஆறடி ஆளுக்கு அளவெடுத்துக்கீறான், நான் அஞ்சடி."

"நல்லது என்னண்ணா?"

"நல்லது ஒண்ணுதான். சத்தம். ரெட்டைக்குழல் துப்பாக்கிய மடக்கித் தோட்டா போட்டா பக்கத்துல கீறவனுக்கே கேக்காது. இது நாலு கொல்லைக்குக் கேக்கும். கேட்டவனுக்கு வவுறு கலங்கும்."

நான் பாத்ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் குறைகளையெல்லாம் அவர் வீட்டிலேயே சரிசெய்திருந்தார். தச்சரிடம் கொடுத்துக் கட்டையின் பின்பக்கத்தை அறுத்து, உதை வாங்காமல் இருக்க ஸ்கூட்டர் டயர் துண்டை ஆணியடித்திருந்தார். கன்னம் வைக்கும் இடத்தில் இலவம்பஞ்சுத் திண்டு, அதற்குப் பூப்போட்ட உறை, உறையை மாதம் ஒருமுறை துவைத்துப் போடுவார். போல்ட்டைப் பித்தளை பாலிஷ் போட்டு மாதக்கணக்கில் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்திருந்தார். முதலில் தேங்காயெண்ணெய் போட்டாராம். மார்கழியில் அது உறைந்து, போல்ட் அசையாமல் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டார். அதனால் அந்தத் துப்பாக்கியிடம் எப்போதும் இட்லிக்கு மிளகாய்ப்பொடி குழைத்த வாசனை அடிக்கும்.

குறி பார்க்கும் முள் இருட்டில் தெரியவேண்டும் என்று முனையில் சுண்ணாம்பு தடவியிருந்தார். சேஃப்டி பூட்டை அவர் நம்பவே மாட்டார், அதனால் உள்ளே தோட்டா கிடையாது. தோட்டாக்கள் துணியில் முடிந்து அரிசிப்பானைக்குள், அரிசிக்கு அடியில் கிடந்தன. ஒரு நாள் முடிச்சு நெகிழ்ந்து, உலை வைக்க அரிசி அள்ளியபோது ஒன்று படியோடு வந்துவிட்டது. அதைக் களைந்து எடுத்ததை அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

சிரித்துக்கொண்டே கேட்ட எனக்கு, ஆறு மணி எதற்கு என்பதையும் அன்று அவரே சொன்னார்.

அவர் மனைவி பெயர் அஞ்சலை. பகலெல்லாம் அஞ்சலை அக்காவைப் போலத் தெளிவான மனுஷி கிடையாது. மீன்காரியிடம் பேரம் பேசி அவளை அழவைப்பார். என் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொடுத்தபடியே எனக்குப் பெண் பார்ப்பார். ஒரு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு, பொழுது சாயும்போது மட்டும் அவருக்கு வேறு ஊர் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆறு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே இருந்த மனைக்கல், மணல் குவியல், காம்பவுண்டு எதுவும் அவர் கண்ணுக்குப் படாது. முப்பது வருஷத்துக்கு முந்தைய வேர்க்கடலைக் கொல்லைகள் தெரியும், அவற்றில் மேய வந்த காட்டுப்பன்றிகள் தெரியும்.

"ஏழு நிக்குது" என்பார் சாதாரணக் குரலில். "ஒண்ணு குட்டி போட்டுக்கீது."

அந்த வீடு கொல்லைக்கு நடுவே தனி வீடாக இருந்த காலத்தில், கல்யாணமாகி வந்த புதிதில், பன்றிகள் நிஜமாகவே வாசல்வரை வந்திருக்கின்றன. அப்போது வாங்கியதுதான் அந்த ரைபிள். லைசென்ஸில் காரணம் என்ற இடத்தில் 'பயிர் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கும். அண்ணா வாசலில் நின்று போல்ட்டை இழுத்துத் தள்ளினால்தான் புதுப்பெண் படுக்கப் போவாளாம். பிறகு பன்றிகள் போயின, கொல்லைகள் பிளாட் ஆயின, ரைபிளும் பரணுக்குப் போனது. காய்ச்சலுக்குப் பிறகு அண்ணா அதை மறுபடியும் கீழே இறக்கினார்.

நான் படித்தவன், இதையெல்லாம் நம்பமாட்டேன். ஆனால் ஆறு மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்திவைக்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ரிசல்ட் வந்து ஊர் அடங்கிய பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அண்ணா புடவையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ரசீதோடு வந்தார். அன்று ஆறு மணிக்கு நான் மாடியில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சடக். சர்ர்ர். சர்ர்ர். சடக்.

கழற்றிய சட்டையை மறுபடியும் மாட்டிக்கொண்டேன். ரசீதை நானே என் கண்ணால் பார்த்திருந்தேன். இறங்கி வராதே என்றவரின் பேச்சை மீறி முதல் தடவையாக இறங்கினேன். வாசலில் அண்ணா ஒரு துடைப்பத்தை ரைபிள் மாதிரி பிடித்துக்கொண்டு நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டு இல்லாததால் 'சர்ர்ர்' கொஞ்சம் எச்சிலோடு வந்தது.

ஜன்னலில் இருந்து அக்கா சொன்னார். "அது இல்லய்யா இது. அதுங்க போவல. உன்னியப் பாத்து சிரிக்குதுங்க."

நானும் சிரித்திருப்பேன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அதில் பயம் அப்படியே உறைந்து கிடந்தது.

நாலாம் நாள் ஆறே காலுக்கு அக்கா வீட்டில் இல்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பன்றிகளைத் தானே விரட்டப் புறப்பட்டுவிட்டார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் பள்ளம். அண்ணா இறங்கி, அவர் தோளைத் தொட்டு, "வா, அதுங்க நீந்திப் போய்ட்சுங்க" என்று அழைத்து வந்தார். தேர்தல் முடியும்வரை தினமும் ஆறு மணிக்கு அக்காவின் முந்தானையைத் தன் வேட்டியோடு முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால் மணவறை ஜோடி மாதிரிதான் இருந்தது.

ரைபிள் திரும்பி வந்தது. பின்னாலேயே லைசென்ஸ் புதுப்பிக்கும் நோட்டீஸும் வந்தது. பயிர் பாதுகாப்புக்கு என்று வாங்கியிருக்கிறீர்களே, பயிர் எங்கே, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று அதில் இருந்தது. பயிர் இல்லை என்றால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லை என்றால் ரைபிள் இல்லை. ரைபிள் இல்லாவிட்டால் அக்கா எங்கே போய் நிற்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"தம்பி, மம்முட்டி புடிப்பியா?" என்றார் அண்ணா, மண்வெட்டியை நீட்டியபடி.

விற்காமல் வைத்திருந்த அரை கிரவுண்டு நிலத்தில், முள்கம்பி வேலிக்குள், நாங்கள் வேர்க்கடலை போட்டோம். பயிரைக் காக்கத் துப்பாக்கி வாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறேன். துப்பாக்கியைக் காக்கப் பயிர் வைத்தவர் இவர்தான். டைப் அடித்த கை கொப்பளித்துப்போய், ஆபீஸில் என் லெட்டர்களில் எழுத்துகள் விட்டுப்போயின. செடி ஒரு சாண் வளர்ந்து, பாதி மஞ்சளாகி, மிச்சத்தை, வேலிப்படல் திறந்திருந்த ஒரு நேரத்தில் ஆடு மேய்ந்தது. அண்ணா ஆட்டைத் துரத்திய வேகத்தைப் பார்த்தால் லைசென்ஸில் 'ஆடு' என்றே எழுதிக்கொடுத்திருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, மொபெட்டில் வந்து சேர்ந்தபோது மணி ஆறை நெருங்கியிருந்தது. செருப்போடு பாத்திக்குள் இறங்கி நின்று சுற்றிப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பாடுபட்டது தெரிந்தது.

"ஏன் பெரியவரே, இதுதான் பயிரா? நாலு பக்கமும் வீடு. இங்க பன்னி எங்கேர்ந்து வரும்? நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதறது?"

அண்ணாவின் கை வேலிக் கம்பியில் இருந்தது. முள் குத்தி ரத்தம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அப்போது வீட்டு ஜன்னலில் இருந்து அக்காவின் குரல், அதே சாதாரணக் குரலில் வந்தது.

"சார், அசையாத நில்லு. உன் பின்னால நிக்குது. குட்டி உன் செருப்ப மோந்துகினு கீது."

காற்று துளிகூட இல்லை. வீட்டுக்கு எதிரே கொடியில் காய்ந்த துணி ஆடவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரின் காலுக்குப் பின்னால் ஒரு செடி மட்டும் மெல்ல அசைந்தது. நான் பார்த்தேன். ஈர மண்ணைக் கிளறிய வாசனையும் வந்தது. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் வெளுத்துப்போய், உதடு மட்டும் அசைய, "பெரியவரே, ஏதாவது பண்ணுங்க" என்றார்.

அண்ணா உள்ளே ஓடி, ரைபிளோடு வாசலுக்கு வந்தார். சடக். சர்ர்ர். சர்ர்ர். சடக்.

"பூட்ச்சு" என்றார் அக்கா. "இப்ப நட சார்."

இன்ஸ்பெக்டர் ஒரு செருப்பைப் பாத்தியிலேயே விட்டுவிட்டு வந்து, மொபெட்டின் சீட்டில் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதினார். பன்றி நடமாட்டம் உண்டு, ஆயுதம் அவசியம். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் கையெழுத்து செல்லுபடியானது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பாத்தி முழுக்க மூக்கால் உழுதது மாதிரி புரண்டு கிடந்தது. வேலியில் ஒரு கம்பிகூட விலகவில்லை. நான் அண்ணாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"நீ பண்ணியா தம்பி?"

"இல்லண்ணா. நீங்கதானே?"

"இல்லப்பா" என்றவர், இன்ஸ்பெக்டரின் செருப்பைக் குச்சியால் தூக்கிப் போட்டுவிட்டு வேகமாக உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அக்கா ஏழெட்டு வருஷம் இருந்தார், ஒரு நாளும் ஏரிப் பக்கம் போகவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் குரோம்பேட்டைக்குப் போய்விட்டேன். தொண்ணூறுகளில் ஒரு ஆவணியில், தூக்கத்திலேயே அக்கா போய்விட்டதாகத் தகவல் வந்தது. காரியம் முடிந்த மறுநாள் அண்ணா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ரைபிளைப் புடவையில் சுற்றி வைத்திருந்தார்.

"ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துடலாம், கூட வா. இனிமே இது எதுக்கு?"

போலீஸ் ஸ்டேஷனில் பதிவேடு எழுதும் ரைட்டர் வயதில் சின்னவர். டயர் துண்டையும் பூப்போட்ட திண்டையும் மாறிமாறிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டி, துணிமுடிச்சை அவிழ்த்துத் தோட்டாக்களை மேஜைமேல் நிற்கவைத்து எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"பெரியவரே, பத்து வாங்கியிருக்கீங்கன்னு போட்டிருக்கு. பத்தும் இருக்கு?"

"ஆமா சார். ஒண்ணு மட்டும் அரிசியோட கழுவினது."

"நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட சுடலையா? அப்ப பன்னி வந்தப்போ என்ன பண்ணீங்க?"

"தகரம் தட்டுனேன்."

"கையில ரைபிள வெச்சுக்கிட்டு தகரம் தட்டினீங்களா? ஏன்?"

அண்ணா அவரை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சுட்டா அவ பயந்துக்குவா சார். பட்டாசுக்கே காதப் பொத்திக்கும்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் அவரே எழுந்துபோய், அண்ணா உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வெளியே வந்ததும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பறந்துகொண்டிருந்தன. நான் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும், காலும் திடம்தான். எனக்குத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.