மாமனாரின் காரைக் கடலில் கழுவிய கதை

ஏரிக்கரையில் வளர்ந்தவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் அவன் கைக்கு எட்டும் இடத்தில் கார் சாவியை வைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். சாவி என் மாமனாருடையது. கை என்னுடையது.

ஆறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. மலரும் நானும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடமும் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் மலரிடம் சொல்வார். "உன் ஊட்டுக்காரருக்கு ரசம் ஓணுமான்னு கேளும்மா." ரசம் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் இருக்கும். நானும் மலரைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பேன்.

வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவன். 'டேய்' என்று அதட்டவாவது வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்று ஏங்கியவன். (இப்போது அது தாராளமாகவே கிடைக்கிறது.)

மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் லேத் மிஷினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கி ரெண்டு மாதமாகியும் சீட்டின் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை விடுமுறைக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு கடலோரக் காட்டேஜ் எடுத்தேன். போட்டோவில் ஓட்டு வீடு, தென்னை, ஊஞ்சல் எல்லாம் இருந்தன. கீழே கலங்கரை விளக்கம், படகுச் சவாரி, பறவைகள் என்று ஒரு பட்டியல். நாலு பேரும் ரெண்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மனிதர் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவார் என்பது என் கணக்கு. மாமியார் வண்டிப் பூஜைக்குப் பூசணிக்காயோடு கிளம்பிவிட்டார். மாமனார் மலரிடம், "உன் ஊட்டுக்காரர் வழி தெர்யாம சுத்த வுட மாட்டாரே?" என்று கேட்டுவிட்டு, தானே வண்டியை ஓட்டினார்.

மதியம் போய்ச் சேர்ந்தோம். காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் ரோசி அக்கா வஞ்சிரக் குழம்பு வைத்துப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய மாமனார் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "நாளிக்கு பூஜை. வண்டி ஒரே புழுதியா கீதும்மா. கழுவணும்" என்றார் மலரிடம்.

"போர்ல தண்ணி கொஞ்சமாத்தான் வருது சார். நீங்க குளிக்கத்தான் சரியா இருக்கும்" என்றார் ரோசி அக்கா.

மாமனார் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். ரெண்டே நிமிடத்தில் குறட்டை. சாவி ஜன்னல் திண்டில் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வங்காள விரிகுடா.

எங்கள் சேக்காட்டுப் பக்கம் நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆட்டோ, லாரி, மீன்பாடி வண்டி எல்லாம் ஏரிக்கரைக்குத்தான் போகும். தண்ணீர் ஓரமாக நிறுத்தி, பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் கழுவுவோம். ஏரி அதன் பாட்டுக்கு இருக்கும். நாம்தான் அதன் பக்கத்தில் போக வேண்டும். அது நம் பக்கத்தில் வராது. கடலும் கொஞ்சம் பெரிய ஏரிதானே என்று நினைத்துவிட்டேன். (பொறியியல் படித்தவன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

சாவியை எடுத்தேன். ஈர மணல் கெட்டியாக இருந்த இடம் பார்த்து, அலைக்குப் பத்தடி முன்னால் கடலைப் பார்த்தபடி காரை நிறுத்தினேன். மாமனார் வண்டியாயிற்றே என்ற பொறுப்பில், ஹேண்ட் பிரேக்கை உள்ள பலமெல்லாம் கூட்டி இழுத்துவிட்டேன். பிறகு பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். எழுந்து வந்து பளபளக்கும் வண்டியைப் பார்த்து அவர் என்ன சொல்வார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே பானெட்டைத் தேய்த்தேன்.

அடுத்த பக்கெட்டுக்கு நடக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் என் கணுக்காலில் இருந்தது.

ஓடிப்போய் ஏறி ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். முன் சக்கரங்கள் சுற்றின. வண்டி நகரவில்லை, கீழே இறங்கியது. இன்னும் மிதித்தேன். இன்னும் இறங்கியது. அடுத்த அலை நம்பர் பிளேட்டை நக்கிவிட்டுப் போனது.

மலர் தலைதெறிக்க ஓடிவந்தாள். "ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

"அப்பா எழுந்துட்டாரா?"

"பொரண்டு படுத்தாரு. இன்னும் பத்து நிமிஷம் தாங்கும்."

பின்னாலேயே ரோசி அக்கா. "இன்னா சார், கடத்தண்ணில வண்டி கழுவுறியா? கருவாடு போடப் போறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எட்டுப் பேர் கயிற்றோடு வந்தார்கள். காரின் பின்னால் கட்டினார்கள்.

"தண்ணி ஏறினே கீது. நீ ஸ்டேரிங்க மட்டும் புடி சார், நாங்க இஸ்துக்கிறோம்" என்றார் ஒருவர்.

பிடித்துக்கொண்டேன். எட்டுப் பேரும் கூவி இழுத்தார்கள். படகையே கரையேற்றுகிற தோள்கள். கார் அசையவில்லை. "இன்னா மாமே, வண்டில கல்லு ஏத்திக்கினு வந்தாரா?" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். மறுபடி இழுத்தார்கள். கயிறு முறுகியது. கதவுக்குக் கீழே தண்ணீர் கசிந்து என் காலடியில் சில்லென்றது. ஒரு மனிதரின் முப்பது வருட உழைப்பை அரை மணி நேரத்தில் கடலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி அவர் மலர் வழியாகக்கூடப் பேச மாட்டார்.

அப்போது கண்ணாடியில் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமனார் வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, நடந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தண்ணீருக்குள் இறங்கி, கயிற்றைப் பார்த்தார். அசையாத பின் சக்கரங்களைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"டேய்! ஹேண்ட் பிரேக்க எட்றா டேய்!"

எடுத்தேன். எட்டுப் பேரும் ஒரே இழுப்பு. அவர் முன்னால் நின்று மார்பு கொடுத்துத் தள்ளினார். கார் பின்னால் எகிறி, மணலைக் கீறிக்கொண்டு கரையேறியது. இழுத்தவர்களில் பாதிப் பேர் மல்லாக்க விழுந்து சிரித்தார்கள். நான் ஸ்டியரிங்கில் தலை வைத்து உட்கார்ந்திருந்தேன். மலர் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அப்பா உங்ககிட்ட பேசிட்டாருங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பேசினார், பேசினார், இருட்டும்வரை பேசினார். ரோசி அக்கா நாங்கள் குளிக்க வைத்திருந்த போர்த் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்க, நான் காருக்கு அடியில் படுத்து உப்பைக் கழுவினேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அங்க வுட்டியே... கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று திட்டிக்கொண்டே இருந்தார். அன்று எங்களில் ஒருவரும் குளிக்கவில்லை. கலங்கரை விளக்கத்தையும் பறவைகளையும் இன்றுவரை நாங்கள் பார்க்கவில்லை.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. அடியில் துரு, கதவு திறந்தால் கிறீச். வீட்டில் அதற்குப் பெயர் கருவாடு. "கருவாட்ட எடுப்பா, கோயிலுக்குப் போணும்" என்று மாமியார் சொல்லும்போது புது விருந்தாளிகள் திகைத்துப்போவார்கள். உடனே முழுக் கதையும் என் முன்னாலேயே சொல்லப்படும்.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். மலருக்கு அல்ல, எனக்கு.

"டேய், வண்டி கழுவணும். வா. தண்ணி என் ஊட்லயே கீது."