நூற்று நாற்பது கிலோவும் ஒன்பது இருமலும்

அன்புள்ள அத்தைக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: ‘இல்லப்பா, எனக்குத்தான் வாங்கறேன்.’ அவற்றைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில், வழக்கமான விசாரிப்புகளோடு முடிந்திருக்கும். விசாரிப்பை விட்டுவிடவில்லை: இங்கே நாங்கள் மூவரும் நலம். நான்காவதாக வந்து சேர்ந்திருப்பவரும் நலம். எடை நூற்று நாற்பது கிலோ. மாமாவின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா?

எனக்கு மரம் கடைவதில், சுற்றுகிற கட்டையில் உளி வைத்துச் சீவி உருவம் எடுப்பதில், ஆசை என்பது உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அதன் பின்தெருவில் இருக்கும் மரச்சாமான் பட்டறையில் கடைசல் கற்றுக்கொள்கிறேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. போகிற வழியில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஏன் மறைத்தாய் என்று கேட்காதீர்கள். நம் வீட்டில் ஓர் ஆசையை வெளியே சொன்னால் உடனே எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள், அப்புறம் அது என் ஆசையாக இருக்காது. அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு கட்டையையாவது சொந்தமாகக் கெடுக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு கடைசல் மெஷின் வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். அதை வைக்க இடம் வேண்டும், இடம் என்றால் கொல்லைப்புறத்துப் பழைய சாமான் அறை, அறையைக் காலி செய்ய வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அப்பா ஓய்வு பெற்று அப்போது ஐந்து மாதம். முப்பத்துநான்கு வருடம் அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரித்த கை சும்மா இருக்குமா? சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். அம்மா அடுப்பில் வாணலியை வைத்துக்கொண்டு “கடுகு எங்கங்க?” என்று கத்துவதும், இவர் கூடத்தில் இருந்தபடியே “உப்புக்கு அடுத்தது!” என்று பதில் சொல்வதும் தினமும் நடந்தது. “கைக்கு ஏதாவது வேலை தேடிக்குங்க, இல்லன்னா நான் வேலைக்குப் போறேன்” என்று அம்மா சொன்ன மறுநாள்தானா நான் வாயைத் திறக்க வேண்டும்? ‘மரம் கடையற மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்பா’ என்றேன். அப்பா செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். “எனக்காகவா?” என்றார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் அத்தை. அம்மா வேறு, “பாத்தீங்களா, நான் சொன்னதைப் பொண்ணு காதுல வாங்கியிருக்கு” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இந்த இடத்தில்தான் அந்த மூன்று சொற்கள் வந்திருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

சரி, யார் பெயரில் வந்தாலும் நல்ல மெஷினாக வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். பளபளப்பைப் பார்க்கக் கூடாது, எடையைப் பார்க்க வேண்டும். அடிச்சட்டம் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். கட்டையை இருபுறமும் பிடிக்கிற இரண்டு முனைகளும் நேருக்கு நேர் தொட வேண்டும். ஓடும்போது மேலே ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் விழக் கூடாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட அப்பா, கடைக்குக் கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார். “கடையில நீ சொல்லிக்குடுத்து நான் கேக்கற மாதிரி இருந்தா நல்லா இருக்காதும்மா. வேணும்னா ஒரு தடவை இருமு. வேணாம்னா ரெண்டு தடவை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

கடைக்காரர் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவிடம் மட்டும் பேசினார். முதலில் சிவப்பாக ஒன்று. ஓடவிட்டதும் நாணயம் உருண்டு என் காலடிக்கே வந்தது. இரண்டு முறை இருமினேன். “இது வேணாங்க.” “ஏன் சார், கூட ஆறு உளி சும்மா தர்றோமே?” “மனசுக்குப் படல.” அடுத்தது பச்சை. முனைகள் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தன. இரண்டு இருமல். “இதுவும் படல.” மூன்றாவது ஒரு மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. சாம்பல் நிறம், வார்ப்பிரும்பு, இரண்டு வருடமாக நான் படத்தில் பார்த்து ஏங்கிய அதே ஜாதி. கடைக்காரர் சாக்கை ஒரே உதறாக உதறினார். ஓடவிட்டார். முனைகள் தொட்டன. நாணயம் காவல்காரன் மாதிரி நின்றது. நான் ஒரே ஒரு முறை இருமினேன். அதாவது, ஒரே ஒரு முறை இரும நினைத்தேன். சாக்குத் தூசி தொண்டைக்குள் போய்விட்டது அத்தை. நிற்கவே இல்லை. அப்பா முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போனார். “ஒம்பது” என்று என் காதோரம் குனிந்தார். “ஒம்பதுக்கு நாம ஒண்ணும் பேசிக்கலையேம்மா?” நான் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினேன். “சார், முதல்ல பாப்பாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, மெஷின் எங்கயும் ஓடிடாது” என்றார் கடைக்காரர். அப்பா கண்ணை மூடி யோசித்தார். பிறகு, “ரெட்டைன்னா வேணாம், ஒத்தைன்னா வேணும். ஒம்பது ஒத்தை. இதையே கட்டுங்க” என்றார்.

தண்ணீர் குடித்து மூச்சு வந்தபோது கடைக்காரர், “பில்லு யார் பேருக்கு?” என்று கேட்டார். இரண்டாவது வாய்ப்பு. தொண்டையும் சரியாகிவிட்டது. அப்பா தன் பெயரை முதலெழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார். நான் மிச்சத் தண்ணீரையும் குடித்தேன்.

மெஷின் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அம்மா பழைய பூப்போட்ட திரைச்சீலையை வெட்டி அப்பாவுக்கு மேலங்கி தைத்துக் கொடுத்திருக்கிறாள். பாதுகாப்புக் கண்ணாடியை அவர் செய்தித்தாள் படிக்கும்போதும் கழற்றுவதில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அறைக்குள் போகிறார். கதவருகே நின்று, கையை மட்டும் நீட்டிச் சுவிட்சைப் போடுகிறார். கட்டை இல்லாமல் அது தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. பத்து நிமிடம் கழித்து நிறுத்தி, துடைத்து, மூடிவிட்டு வருகிறார். “எப்படிப்பா இருக்கு?” என்றால் “ஓடுது” என்கிறார். நானோ, என் மெஷின் வீட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, சனிக்கிழமை ஊரார் மெஷினில் உளி பிடிக்கப் பின்தெருவுக்கு ஓடுகிறேன். பில்லில் அவர் பெயர். தொட்டால் பரிசைத் திரும்பப் பிடுங்குகிறாள் என்று ஆகிவிடும்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்பாவுக்குத் தங்கை பேச்சு என்றால் வேதவாக்கு. அந்த மெஷின் என்னுடையது என்பதை அவர் முகம் வாடாதபடி நீங்கள் ஒரு வரி எழுதிப் போட வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அங்கே சிறிசுகளுக்கு என் முத்தங்கள். உங்கள் ஆசி என் தொண்டைக்கு முக்கியமாகத் தேவை.

அன்புள்ள,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே கேட்ட உதவி வேண்டாம். நேற்று இதை மேசையில் வைத்துவிட்டு உறை எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் கடைசித் தாளின் பின்பக்கத்தில் அப்பா எழுதிக்கொண்டிருந்தார். “தங்கச்சிக்கு நானும் ரெண்டு வரி போட்டுட்டேன். உன் பக்கத்தை நான் பாக்கல. என் பக்கத்தை நீ பாக்காதே” என்றார். அவர் அப்படித்தான், லட்சம் கடிதங்கள் கையில் புரண்டும் முகவரியைத் தவிர ஒரு வரி படித்ததில்லை. ஆனால் நான் பிழை திருத்துகிறவள் அல்லவா, கண் போய்விட்டது. நீங்களும் திருப்பிப் பார்த்தால் தெரியும்: ‘தங்கச்சி, பொண்ணு ஆசையா எனக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடுத்திருக்கு. அது சுத்த ஆரம்பிச்சாலே பயத்துல நான் கதவை விட்டு நகர்றதில்ல. அவ மனசு நோகாம நீதான் எடுத்துச் சொல்லணும்.’

தாளைத் திருப்பி என் பக்கத்தை அவரிடம் நீட்டினேன். “அடுத்தவங்க கடுதாசிம்மா” என்று தயங்கினார். “படிங்கப்பா” என்றேன். எல்லாப் பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டார். “ஒம்பது தடவை இருமினப்பவே கேட்டிருக்கணும்” என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு என் முதல் கட்டையை மாட்டினேன். அப்பா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, பறந்து வந்த சீவல்களைப் பெரிசு ஒரு சாக்கு, சிறிசு ஒரு சாக்கு என்று பிரித்துப் போட்டார்.