பூட்டிய அறையும் எங்கள் பூனையும்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்காக அவசரப்பட்டு மாடிப்படி ஏறிவிடாதீர்கள்.

"யாராச்சும் அந்த ரூமைத் திறந்தீங்க, வீட்டைக் காலி பண்ணிட வேண்டியதுதான்" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மகளுக்குப் பரீட்சை நேரம். இந்த வீட்டை விட்டால் எங்கே போவோம்? நீங்கள் பூட்டி வைத்திருக்கும் கடைசி அறைக் கதவில் கீறல் இருப்பதாக எதிர்வீட்டு அக்கா உங்களிடம் சொன்னது உண்மைதான். கீறியது எங்கள் பூனை.

ஆய்வகத்தில் என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டதில்லை. எலிக்கூண்டில் பழகிய பந்து ஒன்றும் புதுப் பொருள் ஒன்றும் வைத்து, எலி எதை அதிகம் முகர்கிறது என்று பார்ப்பேன். வயிறு நிறைந்த எலியும் புதியதிடம்தான் ஓடும். மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் சில செல்கள்தான் அதைப் பிடித்துத் தள்ளுகின்றன. அவற்றை அடக்கிவிட்டால் புதுப் பொருளில் அதற்கு அக்கறையே போய்விடுகிறது.

அந்தப் படிப்பை நம்பி, பூனையைத் திசைதிருப்பக் கூடத்து மூலையில் தினம் ஒரு புதுப் பொருள் வைத்தேன். குடை, அட்டைப்பெட்டி, அப்புறம் இவருடைய ஹெல்மெட். பூனை ஹெல்மெட்டுக்குள் ஒருமுறை சுருண்டு படுத்து, முடியை உதிர்த்துவிட்டு நேரே உங்கள் கதவுக்கே போய்விட்டது. "எனக்கு முடி இல்லாத குறையை இதாவது தீர்த்துச்சே" என்று இவர் தலையைத் தட்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனார். மகள்தான் சொன்னாள்: "திறந்து பாத்ததெல்லாம் பழசாயிடும்மா. தாத்தா ரூம் மட்டும் தினம் தினம் புதுசு." இத்தனை வருஷம் எலி பார்த்தவளுக்கு இது தோன்றவில்லை, பாருங்கள்!

உங்கள் பூட்டின் மேல் எங்கள் கை படவே இல்லை, மாமா. சத்தியம். இதைப் படித்துக் காட்டினால், "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற மாதிரி இருக்கே" என்று இவர் சிரிக்கிறார். அவர் கிடக்கிறார். நீங்களே வந்து ஒருமுறை திறந்து காட்டிவிட்டால் பூனை அடங்கிவிடும்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இருவர் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள
மருமகள்

பி.கு.: வரும்போது ஒரு பல்பு வாங்கி வாருங்கள், அந்த அறையில் இருப்பது எரியவில்லை. பூட்டு அப்படியே தொங்குகிறது. பூட்டு மாட்டிய கொண்டியின் திருகுகள்தான் துருப்பிடித்திருந்தன, கழற்றினோம், புதிது போட்டுவிடுகிறோம். பூனை உள்ளே ஒரு சுற்று வந்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைப் பார்க்கப் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் இன்னும் இங்கே உட்கார்ந்திருப்பது நான்தான். இந்தச் சீட்டுக்கட்டையும் மந்திரக்கோலையும் வைத்து நீங்கள் மேஜிக் செய்வது அத்தைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நானும் சொல்லமாட்டேன். ஆனால் மாமா, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அடியில் இன்னொரு பெட்டி இருக்கிறதே, அதை எப்படித் திறப்பது?